பல்லுக்கு மேல் இருந்தால் கருவி

ஆலையில் உறக்க நலக் குழு என்று ஒன்று இருந்தது. போன வருடம் அழுத்து எந்திரத்தில் ஒருவர் கண்ணயர்ந்து கையைப் பறிகொடுத்தார். கையைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாததால் நிர்வாகம் ஒரு குழுவைக் கொடுத்தது. ஏழு உறுப்பினர்கள், ஒரு நீள மேஜை, சுவரில் சிரித்தபடி தூங்கும் மனிதனின் படம். மாதம் இருமுறை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கூடுவார்கள். அந்த நேரத்தில் கூட்டம் வைத்தால்தான் விஷயத்தின் கனம் உறுப்பினர்களுக்கு உறைக்கும் என்பது தலைவரின் கணக்கு. உறைக்கத்தான் செய்தது. பாதிக் கூட்டத்தில் நான்கு பேருக்காவது உறைத்து, தாடை நெஞ்சில் இடிக்கும்.

இந்தக் குழுவின் கையில் முதன்முதலாக வந்து மாட்டிக்கொண்டவர் கிரேன்காரர். இருபத்திரண்டு வருடமாக நாற்பதடி உயரத்தில், ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இரும்புச் சுருள்களை இந்தக் கோடியிலிருந்து தூக்கி அந்தக் கோடியில் வைக்கிறவர். ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்தும் மனிதர் இறங்கி வரவில்லை. ஏறிப் போய்ப் பார்த்தால், கைப்பிடியைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறார். நல்ல வேளையாகக் கொக்கியில் அப்போது எதுவும் தொங்கவில்லை.

உடலெல்லாம் ஒயரை ஒட்டி, ஆலை மருத்துவமனையில் ஓர் இரவு படுக்கவைத்துச் சோதனை செய்தார்கள். மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நின்றுபோகிறது, தூக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடுகிறது என்று முடிவு வந்தது. இதை அவர் மனைவி ஒயர் எதுவும் இல்லாமலே எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பகலில் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து காவல் வேலை. நின்ற மூச்சு திரும்ப வராவிட்டால் தோளைப் பிடித்து உலுக்குவாள். எட்டு வருடத்தில் அவள் சேர்ந்தாற்போல் ஒரு மணிநேரம் தூங்கியதில்லை.

குழுவின் தலைவரான பெரிய டாக்டர் அவளையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏம்மா, குறட்டையால உங்களுக்குத் தொந்தரவு உண்டா?"

"குறட்டை விடுறப்ப எனக்கு ஒரு பயமும் இல்லீங்க சார். அது நிக்கிறப்பதான் எழுந்து உட்கார்ந்து எண்ண ஆரம்பிப்பேன்."

பெரிய டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்: 'குறட்டை விடுவதில் மனைவிக்கு ஆட்சேபணை இல்லை.'

முகமூடி மாட்டிக் காற்றை உள்ளே செலுத்தும் எந்திரம் ஒன்று ஆலையில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது தலைவர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஆலையைச் சுற்றிப் பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கு அதைக் காட்டுவது வழக்கம். அதை எடுத்து ஒருவர் மூக்கில் மாட்டிவிட்டால், வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது? ஆகவே கிரேன்காரரைப் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும் வெளியிலிருந்து வந்து போவாள். மெழுகுபோல் எதையோ கடிக்கச் சொல்லி அச்செடுத்தாள். அடுத்த முறை வரும்போது மேல்பல் வரிசைக்கு ஒன்று, கீழ்ப்பல் வரிசைக்கு ஒன்று என்று இரண்டு கவசம் கொண்டுவந்தாள். இரண்டையும் பக்கவாட்டில் சின்னப் பட்டை இணைத்திருந்தது. வாயில் மாட்டினால் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். தாடை வந்தால் நாக்கும் கூட வரும், தொண்டை திறந்திருக்கும்.

"உங்களுக்குப் பல்லு அருமையா இருக்குங்க. கடவாயில ஞானப்பல்லு ரெண்டைத் தவிர ஒண்ணுகூடப் போகலை. நல்லா கவ்விப் பிடிச்சுக்கும். ராத்திரி மாட்டுங்க, காலையில கழுவி வையுங்க. அவ்வளவுதான்," என்றாள்.

ஒரு வாரம் வெள்ளோட்டம். முதல் நாள் காலையில் மனைவி அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தாள். சத்தமே இல்லையே! மூக்கடியில் விரலை வைத்தாள். மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படுத்தவள், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மணிநேரம் தாமதமாகப் போனாள். அந்த ஒரு வாரமும் இருவரும் மனிதர்களைப்போலத் தூங்கினார்கள். கிரேன்காரருக்குக் கனவுகூட வந்தது. கனவில் வேறொன்றுமில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் ஸ்டோர்காரர் கூப்பிட்டனுப்பினார். கருவி அறையின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, காலையில் ஆளுக்கொரு பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு சுத்தியல், ஸ்பேனர், தலைக்கவசம் என்று கொடுப்பவர். சாயங்காலச் சங்கு ஊதியதும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு வில்லையைக் கொடுப்பார். முப்பது வருடத்தில் ஒரு ஆணியைக்கூடத் தொலைத்ததில்லை என்று பெயர்.

"அந்த வாய்ச் சாமானை இங்க ஒப்படைச்சிடுங்க. காலையில வில்லையைக் கொடுத்துட்டு வாங்கிக்கலாம். சங்கு ஊதினதும் திரும்பக் கொடுத்துடணும்."

"அண்ணே, அது ராத்திரி தூங்கறப்ப மாட்டறதுண்ணே."

"எனக்குத் தெரியாதா? ஆனா அது என்னன்னு குழு முடிவு பண்ணிடுச்சே. மருந்தா இருந்தா நீங்க முழுங்கியிருக்கணும். முழுங்கலை. பல் செட்டான்னு பார்த்தாங்க. விதிப் புத்தகத்துல தெளிவா இருக்கு. பல்லுக்குப் பதிலா இருந்தா உடம்பு, பல்லுக்கு மேல இருந்தா கருவி. பல் செட்டுன்னா உடம்போட சேர்ந்தது, ஆளு எங்க போறாரோ அங்க அதுவும் போகும். உங்களோடது பல்லுக்கு மேல இருக்கு. அப்ப அது கருவி. கருவின்னா ராத்திரி ஆலைக்கு வெளியில இருக்கக்கூடாது."

"அப்ப பகல்ல அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"கருவியை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? வேலை பண்ணுங்க."

அப்படித்தான் ஆயிற்று. உடம்பில் மாட்டும் கருவியை வேலை நேரம் முழுவதும் மாட்டியிருக்க வேண்டும் என்று பாதுகாப்பு ஆய்வாளர் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். கிரேன்காரர் நாற்பதடி உயரத்தில் தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எச்சில் ஒழுகி, கூண்டின் தரை இடுக்கு வழியாகக் கீழே சொட்டியது. கீழே நின்று கைகாட்டுகிறவர் மூன்று தடவை அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு, நான்காவது தடவை விஷயம் புரிந்து தகாத வார்த்தையில் திட்டினார். கிரேன்காரர் மன்னிப்புக் கேட்டார். அது "ம்வ்வூ" என்று விழுந்தது. பணிநேரத்தில் புரியாதபடி பேசியதற்கு ஒரு குறிப்பாணை வந்தது. மறுநாள் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். மாட்டாததற்கு இன்னொரு குறிப்பாணை வந்தது. சாயங்காலம் கழுவித் துடைத்து ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய், வெறும் வாயோடு படுத்து, மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சை நிறுத்தினார். மனைவி பழையபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கருவியை வெளியே கொண்டுபோக ஒரே வழி, வெளியில் ஆலை வேலை இருப்பதாகச் சீட்டு வாங்குவது. நல அலுவலர் இளகிய மனசுக்காரர். கிரேன்காரரின் வீட்டையே பணியிடமாக அறிவிக்க ஏற்பாடு செய்தார். இரண்டு பேர் வந்து கட்டிலை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்தார்கள். தலையணையில் எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை என்று குறை எழுதினார்கள். மனைவி ஒரு காகிதத்தில் 'அபாயம்' என்று எழுதிச் சுவரில் ஒட்டிக் காட்டினாள். மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. படித்துப் பார்த்தால், கருவியைப் பணியிடமாகிய வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், ஆனால் பணியிடத்தில் தூங்குவது பதவி நீக்கத்துக்குரிய குற்றம்.

"தூங்காம இருக்கிற வரைக்கும் ராத்திரி பூரா நீங்க அதை மாட்டிக்கலாம். எவ்வளவு பெரிய சலுகை!" என்றார் நல அலுவலர். உண்மையாகவே அவர் சந்தோஷப்பட்டார்.

கிரேன்காரர் குழுவுக்கு மனுக் கொடுத்தார். முடிவு தெரியும்வரை கருவியை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். அவரைக் கூண்டிலிருந்து இறக்கி, கீழே ஒரு மூலையில் திருகாணி பொறுக்கும் வேலையில் உட்காரவைத்தார்கள். திருகாணியைக் கையில் வைத்தபடியே தூங்கினார். அங்கே உலுக்கி எழுப்ப ஆள் இல்லை. இரண்டு தடவை முகம் நீலம் பாரித்து, தானாகவே திணறி எழுந்தார்.

விசாரணை நாளன்று ஏழு பேரும் விழித்திருந்தார்கள். பெரிய டாக்டர் அவரை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஆகா! எல்லாரும் வந்து பாருங்க. இந்த வயசுல இப்படி ஒரு வரிசை! நம்ம நிர்வாகத்துலயே யாருக்கும் இப்படிப் பல்லு கிடையாது. இதுதான் இப்பப் பிரச்சினையே," என்று நாற்காலியில் சாய்ந்தார். "இந்தக் குழு உங்களுக்கு உதவத்தான் இருக்கு. உங்க வாய்க்குள்ள வரைக்கும் வந்து அக்கறை காட்டுற நிர்வாகம் வேற எங்கயாவது உண்டா? ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. ஒரே தாடையில பத்துப் பல்லு போயிருந்தா, வாயில போடுற எதுவா இருந்தாலும் அது பல் செட்டுன்னு ஆகிடும். நாளைக்கே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம், ஆயுசுக்கும் உங்களோடது. உங்களுக்குக் கீழ்த்தாடையில ரெண்டுதான் இல்லை. இன்னும் எட்டு. நோயாளி ஒத்துழைக்காம நாங்க மட்டும் என்ன செஞ்சிட முடியும், சொல்லுங்க?"

"சார், ராத்திரியில நான் செத்துப் போயிட்டா?"

"சே, சே! அப்படியெல்லாம் பேசக்கூடாது. இந்தக் குழு ஆரம்பிச்சதுல இருந்து வேலை நேரத்துல தூக்கத்துல ஒருத்தர்கூடச் சாகலை. நீங்களும் ராத்திரியிலதான் சாவீங்க. அது எங்க எல்லைக்கு வெளியில."

கிரேன்காரர் அன்றைக்கு நேராக வீட்டுக்குப் போகவில்லை. மருத்துவமனையின் பின்கட்டுக்குப் போனார். அங்கே பல் பிடுங்குகிறவர் ஒருவர் உண்டு. குறடு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார். பல் டாக்டர் மாதத்துக்கு ஒருநாள் வந்தாலும் குறடு தினமும் இருந்தார். ஆலையில் ஒரு பல்லை அடைக்க மூன்று கையெழுத்து வேண்டும், கவசம் போட ஏழு வேண்டும், பிடுங்குவதற்கு மட்டும் எதுவும் வேண்டாம்.

"எது வலிக்குது?" என்றார் குறடு.

"எதுவும் வலிக்கலைண்ணே. கீழ்வரிசையில எட்டு எடுக்கணும்."

குறடு ஏன் என்று கேட்கவில்லை. அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, அதனால் அவரும் யாரிடமும் கேட்பதில்லை. "கடவாய்ப் பக்கமா எடுத்துடறேன், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. முன்பல்லு ஆறு அப்படியே இருக்கட்டும். சிரிச்சா வெளியில தெரியாது," என்றார். வியாழக்கிழமைக்கு இரண்டாக, நான்கு வியாழன் என்று கணக்குப் பண்ணினார்கள். முதல் பல் லேசில் வரவில்லை. குறடு காலை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு, "நல்ல வேர்ங்க, நல்ல வேர்," என்று மெச்சினார்.

தலையணை உறையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் மனைவிக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கச் சொன்னாள். இரண்டு குழியையும் பார்த்தாள்.

"பைத்தியமா புடிச்சிருக்கு உங்களுக்கு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். எட்டுப் போனால் அது பல் செட்டு. பல் செட்டு என்றால் உடம்பு. உடம்பை யாரும் சங்கு ஊதியதும் திருப்பிக் கேட்க முடியாது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது, கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"நேத்து பள்ளிக்கூடத்துல கொதிக்கிற தண்ணிப் பானையைத் தூக்கிக்கிட்டு நின்னபடியே தூங்கிட்டேங்க. பக்கத்துல பிள்ளைங்க. யாரோ கத்தினதால முழிச்சேன்," என்றாள். ரத்தக்கறை படிந்த தலையணை உறையை உருவிக்கொண்டே, "இன்னும் ஆறுதானே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, ஐயோ நானா இப்படிக் கேட்கிறேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த மூன்று வியாழனும் அவளே கூடப் போனாள். குறடு இழுக்கும்போது அவர் தலையை அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

எட்டும் போன பிறகு குழு ஒரு சின்ன விழாவே வைத்தது. அரக்கு முத்திரையை எல்லோர் முன்னிலையிலும் உடைத்தார்கள். நோயாளியும் நிர்வாகமும் கைகோத்தால் தீராத பிரச்சினையே இல்லை என்று பெரிய டாக்டர் அரைமணி நேரம் பேசினார். கிரேன்காரரின் புண்ணான வாயைப் படம் எடுத்து, சுவரிலிருந்த தூங்கும் மனிதனுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். ஸ்டோர்காரர் எழுந்து நின்று கருவியைக் கையில் கொடுத்து, "இனிமே வில்லை வேண்டாங்க," என்றார்.

சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவி பாயை விரித்தாள். ஜன்னல் கதவைச் சாத்தினாள். "நானும் பக்கத்துலயே படுத்துக்கிறேன்," என்றாள். குரலில் கல்யாணமான புதிதில் இருந்த துள்ளல் இருந்தது. அவர் கருவியைக் கழுவி மாட்டினார். மேல்வரிசை கச்சிதமாக உட்கார்ந்தது. கீழ்வரிசை முன்பல் ஆறில் தொட்டுக்கொண்டு நின்றது, வாயை அசைத்ததும் கழன்று நாக்கில் விழுந்தது. மறுபடி மாட்டினார், விழுந்தது. அழுத்திப் பிடித்தார், முன்பல் ஒன்று ஆடியது. பின்னால் பிடிப்பதற்கு ஈறைத் தவிர வேறொன்றும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பல் டாக்டர் வந்தாள். வாயைத் திறந்து பார்த்தவள் கையுறையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருங்க இதைச் செஞ்சது? அந்தப் பல்லைப் புடிச்சுக்கிட்டுதானே இது தாடையை இழுக்கணும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?"

"நீங்க மாசத்துக்கு ஒருநாள்தானேம்மா வர்றீங்க," என்றார் கிரேன்காரர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பல் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இனி வாயில் எதுவும் நிற்காது, அந்தக் காற்று எந்திரம்தான் ஒரே வழி என்று பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாள்.

எந்திரம் தர குழுவும் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஒருவரிடம் ஒரு சிகிச்சைச் சாமான்தான் இருக்கலாம், பழையதை ஸ்டோரில் ஒப்படைத்து ரசீது கொண்டுவர வேண்டும். மனைவி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு கம்பி ஜன்னலுக்கு வந்தாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பாதிக் கண்ணோடு நின்றார்.

ஸ்டோர்காரர் கருவியைப் பார்த்தார், தொடவில்லை. "வாங்க முடியாதும்மா. இது இப்பக் கருவி இல்லை, உடம்பு. உடம்போட பாகத்தை ஸ்டோர்ல எடுத்து வைக்க விதியில்லை."

"நாங்களே வேண்டாம்னு கொடுக்கிறோமே!"

"நீங்க கொடுப்பீங்க. நான் எந்த அலமாரியில வைப்பேன்?"

"பின்ன எப்பத்தாங்க இதை வாங்குவீங்க? அவர் செத்த பிறகா?"

ஸ்டோர்காரர் பொறுமையாக விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அப்பவும் இல்லம்மா. செத்தா உடம்பு குடும்பத்துக்குத்தான்."

அவள் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். "அப்ப நான் எப்பங்க தூங்கறது? அதையாவது யாராச்சும் சொல்லுங்களேன்."

ஸ்டோர்காரருக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவர் முப்பது வருடமாகத் தவறு செய்யாதவர். "நீங்க ஆலை ஊழியர் இல்லையேம்மா," என்றார்.

இருவரும் வெளியே வந்து பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மத்தியான வெயிலுக்குப் பஸ்ஸில் கூட்டம் இல்லை. "நீங்க கொஞ்சம் கண்ணை மூடுங்க, நான் பார்த்துக்கிறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தவள், சொல்லி முடிப்பதற்குள் அவர் தோளில் சாய்ந்துவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவள் தூங்கி அவர் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது. எப்போதும் தூங்குகிறவர் அவர்தானே. பாவி மனுஷி, தூங்கட்டும், இன்றைக்கு ஒருநாள் நாம் விழித்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது, அவளை எழுப்பவில்லை. அதற்கடுத்த நிறுத்தமும் வந்து போனது. அதற்கடுத்ததுவரை அவருக்கு நினைவிருந்தது.

குறட்டைச் சத்தம் கேட்டு முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து புருஷனும் பெண்டாட்டியும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் இதென்ன கொடுமை, ஊரையே கூட்டுகிறானே இந்த ஆள் என்று முகம் சுளித்தார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அப்பாடா, தொலைந்தது என்று அவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.